முன்கைச் சிரைகளை விட்டுவையுங்கள்: மருத்துவமனைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளின் முதல்வர்கள், மருத்துவக் கண்காணிப்பாளர்கள், செவிலியர் கண்காணிப்பாளர்கள், ரத்தப் பரிசோதனைக் கூடங்களை நடத்துவோர்.

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் பிரிவுக்கு முதன்முதலாக வரும் நோயாளியின் கையைத் தடவிப் பார்த்தாலே, அவர் இதுவரை எத்தனை வார்டுகளில் படுத்து எழுந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பெருவிரல் பக்கமாக ஓடும் சிரை விரலுக்கு அடியில் முறுக்கிய கயிறு போல உருளும். டூர்னிகே என்னும் இறுக்குப் பட்டையைக் கட்டினாலும் புடைக்காது. ஆங்காங்கே கறுத்த தழும்புகள் இருக்கும். இந்தக் கை டயாலிசிஸ் பிரிவில் கெட்டதல்ல. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சர்க்கரை ஏறியதற்கும் என்று வெவ்வேறு வார்டுகளில் கெட்டது. அதனால்தான் சிறுநீரக மருத்துவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். சிறுநீரகச் செயல்பாடு குறைந்துவருவதாகத் தெரிந்த எந்த நோயாளிக்கும் முன்கையிலும் மேற்கையிலும் ஊசி குத்தக்கூடாது. ரத்தம் எடுக்கவும் டிரிப்ஸ் ஏற்றவும் புறங்கை போதும். வலது கைப்பழக்கம் உள்ளவருக்கு இடது கையை முழுமையாக விட்டுவிடுங்கள். வேறு வழியே இல்லாத அவசரத்தில் எந்தச் சிரையும் பயன்படலாம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. உயிர் போகும் நேரத்தில் யாரும் கையைப் பார்த்து நிற்கப் போவதில்லை. நாங்கள் பேசுவது அவசரம் இல்லாத, அன்றாட ஊசிகளைப் பற்றி.

இந்தச் சிரைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு 250 முதல் 350 மில்லி ரத்தத்தை வெளியே இழுத்துத் திருப்பி அனுப்புகிறது. சாதாரணச் சிரையில் அவ்வளவு ஓட்டம் கிடையாது. தமனியில் ஓட்டம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, திரும்பத் திரும்பக் குத்தத் தாங்காது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவரின் குழுவினர் தமனியிலும் சிரையிலும் டெஃப்லான் குழாய்களைச் செருகி, தோலுக்கு வெளியே இணைத்து வைத்தார்கள். அதில் கிருமித்தொற்றும் அடைப்பும் ஓயவில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் படைவீரர் மருத்துவமனையில் பிரெஸ்கியா, சிமினோ, அப்பெல் ஆகியோர் மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே ஒட்டித் தைத்தார்கள். அந்த முறை 1966இல் வெளியானது. அதுதான் இன்றும் நாம் போடும் ஃபிஸ்டுலா. சிமினோ மாணவப் பருவத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர் என்பது கூடுதல் செய்தி. சிரையின் அருமை குத்திப் பழகியவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இணைப்பு போட்டதும் தமனியின் அழுத்தம் சிரைக்குள் பாய்கிறது. அதுவரை நிமிடத்துக்கு 20, 30 மில்லி மட்டும் கொண்டுபோன மணிக்கட்டுத் தமனி, சில வாரங்களில் 600 மில்லியும் அதற்கு மேலும் கொண்டுபோகிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சிரை விரிகிறது, சுவர் தடிக்கிறது. ஆறு வாரத்தில் 6 மில்லிமீட்டர் விட்டம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மிகாத ஆழம், 600 மில்லி ஓட்டம் என்பது நாங்கள் எதிர்பார்க்கும் அளவு. இதற்கு அறுவைக்கு முன்பே சிரை 2 முதல் 2.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, விரியும் தன்மை இருக்க வேண்டும். தழும்பேறிய சுவர் விரியாது. அப்படிப்பட்ட சிரையில் ஃபிஸ்டுலா போட்டால் முதல் சில நாள் துடிப்பு தெரியும், பிறகு அடங்கிவிடும். அல்லது பாதி விரிந்து, ஊசி ஏற்ற முடியாத நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும். அதுவரை டயாலிசிஸுக்கு அவருக்குக் கழுத்துச் சிரையில் செருகிய குழாய்தான் கதி.

ஊசி உள்ளே என்ன செய்கிறது? சிரையின் உட்புறம் ஒரே அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய பூச்சு. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதும், தேவைக்கேற்பக் குழாயை விரியவைப்பதும் அதன் வேலை. ஊசி நுழையும் இடத்தில் அந்தப் பூச்சு கிழிகிறது, தட்டணுக்கள் ஒட்டிச் சிறு உறைவு உண்டாகிறது. ரத்தம் எடுக்க ஒருமுறை குத்தியதோடு விட்டால் சில நாளில் ஆறிவிடும். வென்ஃப்ளான் எனும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் சிரைக்குள் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்தால் கதை வேறு. பிளாஸ்டிக் குழாயின் நுனி கை அசையும்போதெல்லாம் உள்சுவரை உரசுகிறது. ஏறும் மருந்து அதே இடத்தில் எரிச்சலைத் தருகிறது. தோலிலிருந்து கிருமிகள் குழாய் வழியே இறங்குகின்றன. மூன்றும் சேர்ந்தால் சிரை அழற்சி. அழற்சி ஆறும்போது நடுவில் உள்ள தசை அடுக்கு நார்த்திசுவாக மாறுகிறது, உள்வட்டம் சுருங்குகிறது. விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. குழாயின் ஆரத்தின் நான்காம் மடங்கைப் பொறுத்து ஓட்டம் மாறுவதால், அதே அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஊசிக்குப் பயப்படத் தேவையில்லை. சிறுநீரகம் நலமாக உள்ளவருக்கு முன்கைச் சிரை ஒன்று அடைபட்டால் கையின் ரத்த ஓட்டம் நின்றுவிடாது. கையில் சிரைகள் வலைபோலப் பின்னியிருக்கின்றன, ஆழ்சிரைகளும் இருக்கின்றன, ரத்தம் பக்கவழியில் போய்ச் சேரும். சிறுநீரக நோயாளிக்குத்தான் நேராக, நீளமாக, தோலுக்கு அருகில் உள்ள அந்தக் குறிப்பிட்ட சிரை வேண்டும். பக்கவழிகளில் டயாலிசிஸுக்கான தடித்த 15 கேஜ் ஊசியை (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும்) ஏற்ற முடியாது.

இனி வார்டுக்கு வருவோம். பெரியவர் என்றால் வென்ஃப்ளானில் பச்சையோ பிங்க்கோ எடுப்பது பழக்கமாகிவிட்டது. 18 கேஜ் பச்சையின் வெளிவிட்டம் 1.3 மில்லிமீட்டர், 20 கேஜ் பிங்க் 1.1, 22 கேஜ் நீலம் 0.9. நீலத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 36 மில்லி போகும். 500 மில்லி சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்றத் தேவைப்படும் வேகம் நிமிடத்துக்கு 2 மில்லிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நீலமே பதினைந்து மடங்குக்கு மேல் மிச்சம். ரத்தம் ஏற்றவும் நீலம் தாங்கும். அதிர்ச்சி நிலை, பெரிய அறுவை, விபத்து ஆகியவற்றுக்குத்தான் பச்சையும் அதற்கு மேலும் வேண்டும். மெல்லிய குழாயைச் சுற்றி ரத்தம் ஓட இடம் இருந்தால் மருந்து உடனே நீர்த்துப்போகும். குழாயே சிரையை அடைத்துக்கொண்டால் மருந்து அதே இடத்தில் தேங்கிச் சுவரைச் சுடும். புறங்கையில் வலி சற்று அதிகம், குழாய் எளிதில் நகர்ந்துவிடும் என்ற குறை உண்மைதான். நீலமோ 24 கேஜ் மஞ்சளோ போட்டு, குத்திய இடம் வெளியே தெரியும்படி ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலத்தால் அசையாமல் ஒட்டினால் தாங்கும். துணிப் பிளாஸ்டரால் மூடிவிட்டால் உள்ளே சிவந்திருப்பது மூன்றாம் நாள்தான் கண்ணில் படும்.

எத்தனை நாள் வைப்பது என்பதிலும் பழைய வழக்கம் ஒன்று தொடர்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்று என்பார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், மூன்றாம் நாள் மாற்றியவர்களுக்கும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரை அழற்சி ஒரே அளவில், 7 விழுக்காடு, வந்தது. நன்றாக ஓடும் குழாயைத் தேதிக்காகப் பிடுங்கி இன்னொரு சிரையைக் குத்துவதில் லாபம் இல்லை என்பதே இதன் பொருள். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது அந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு இருந்தால் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும். பார்க்க ஆள் இல்லாத வார்டில் 'தேவைப்படும்போது மாற்று' என்பது 'மறந்துவிடு' என்றாகிவிடும் ஆபத்தும் உண்டு. மருந்தெல்லாம் நின்றபிறகும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வீட்டுக்குப் போகும் நாள்வரை கையில் குழாயோடு நோயாளி உலவுவதை எந்த வார்டிலும் பார்க்கலாம். அதை முதலில் நிறுத்தலாம்.

மருந்துகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனெனில் சிரையைச் சுடுவது பெரும்பாலும் ஊசியைவிட மருந்துதான். வேன்கோமைசின் ஒரு கிராமைக் குறைந்தது 200 மில்லியில் கலந்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். 100 மில்லி பாட்டிலில் கலந்து இருபது நிமிடத்தில் ஓட்டினால் சிரையும் போகும், நோயாளி உடல் சிவந்து அரிப்பெடுத்துத் தவிக்கவும் செய்வார். ஃபெனிட்டாயினைச் சலைனில் மட்டும்தான் கலக்கலாம். குளுக்கோஸில் கலந்தால் படிந்துவிடும். கொடுத்து முடித்ததும் சலைனால் குழாயைக் கழுவ வேண்டும். பொட்டாசியம், அமியோடரோன், 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட டெக்ஸ்ட்ரோஸ் ஆகியவை கைச்சிரைக்குக் கொடியவை. கால்சியம் குளுக்கோனேட் வெளியே கசிந்தால் தோலே அழுகும். ஆகவே கொடுக்கும் முன் 5 மில்லி சலைன் செலுத்தி, வலியோ வீக்கமோ இல்லாமல் தடையின்றிப் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாயால் சாப்பிட முடிகிறவருக்கு ஊசி மருந்தே தேவையா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மெட்ரோனிடசோல், லினிசோலிட் இரண்டும் மாத்திரையாகக் கொடுத்தாலும் ஏறத்தாழ முழுமையாக ரத்தத்தில் கலக்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசினும் பெருமளவு கலக்கும். காலை இட்லி சாப்பிட்டு முடித்தவருக்குப் பான்டாப்ரசோல் ஊசி போட எந்தக் காரணமும் இல்லை, பாராசிட்டமால் பாட்டிலுக்கும் இல்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ரவுண்ட்ஸில் 'இன்னும் ஊசி வேண்டுமா' என்று ஒருவர் கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதினால் பாதிக் குழாய்கள் அன்றே வெளியே வந்துவிடும். இதைச் சொல்ல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. வார்டுப் பொறுப்புச் செவிலியர் கேட்கலாம், கேட்பதற்கான அதிகாரத்தை நீங்கள் எழுத்தில் கொடுத்திருந்தால்.

குளுக்கோஸ் பாட்டில் கலாச்சாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டால் தெம்பு வரும் என்று தெருமுனைக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஏராளம். 500 மில்லி 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிக்கு மேல் தேறாது. சிறுநீர் குறைந்துபோன நோயாளிக்கு அந்த அரை லிட்டர் நீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் மூச்சிரைப்பாகவும் நிற்கும். கூடவே ஒரு சிரையும் போகும். பிற்காலத்தில் டயாலிசிஸுக்கு வருபவர்களில் சர்க்கரை நோயாளிகளே அதிகம், இப்படி ஏற்றிக்கொள்பவர்களில் அவர்களும் உண்டு.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு. முழங்கை மடிப்பில் எடுப்பது எளிது, நோயாளிக்கும் வலி குறைவு, ஒப்புக்கொள்கிறோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க மாதாமாதம் வருகிறவருக்கு மட்டும் தயவுசெய்து புறங்கைக்கு மாறுங்கள். 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியில் புறங்கையிலிருந்து 5 மில்லி எடுப்பது கடினமில்லை. டூர்னிகேயைக் குத்தும் இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே கட்டி ஒரு நிமிடத்துக்குள் அவிழ்க்க வேண்டும். ரப்பர் கையுறையை முறுக்கிக் கட்டுவது தோலைக் கடிக்கும், அழுத்தம் ஒரே சீராக இருக்காது. கை விரல்களை மூடி மூடித் திறக்கச் சொல்லாதீர்கள். பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார்கள், இன்னொரு குத்து. சிரை தெரியாவிட்டால் கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சில நிமிடம் சுற்றி வைத்தால் போதும். தட்டித் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக்கூடாது, கைவராவிட்டால் அனுபவம் கூடியவரை அழைக்க வேண்டும். 'நரம்பு கிடைக்கவில்லை' என்று தோலுக்குள் ஊசியை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுவதில் சிரை மட்டுமல்ல, உண்மையான நரம்பும் காயப்படும்.

வார்டில் காலையில் சர்க்கரைக்கு ஒன்று, பத்து மணிக்கு யூரியாவுக்கு ஒன்று, மாலையில் விடுபட்ட சோடியத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக ரத்தம் எடுப்பதை ஒரே குத்தாகச் சேர்க்கலாம். சர்க்கரையை விரல்நுனியில் பார்க்கலாம். டயாலிசிஸில் இருப்பவருக்கோ தனியாக ஊசியே வேண்டாம். சிகிச்சை தொடங்கும்போது, சலைனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினும் கலக்கும் முன், ரத்தத்தை இயந்திரத்துக்கு இழுக்கும் தமனிப் பக்க ஊசியிலிருந்தே எடுத்துவிடுவோம். முடிவில் எடுக்க வேண்டியிருந்தால் பம்ப்பை நிமிடத்துக்கு 100 மில்லிக்குக் குறைத்து 15 விநாடி விட்டு எடுத்தால் அளவு சரியாக இருக்கும். வார்டிலிருந்து சீட்டைக் கொடுத்து அனுப்பினாலே போதும்.

கைச்சிரை கெடுவது ஒரு பக்கம் என்றால் மார்புக்குள் இருக்கும் பெரிய சிரை கெடுவது அதைவிடக் கொடுமை. காறை எலும்புக்கு அடியில், அதாவது சப்கிளேவியனில், குழாய் போட்டால் அந்தச் சிரை பின்னாளில் சுருங்குவது மிகச் சாதாரணம். அந்தப் பக்கக் கையில் ஃபிஸ்டுலா போட்டதும் கை யானைக்கால் போல வீங்கும், மார்பில் நீலச் சிரைகள் புடைக்கும், ஃபிஸ்டுலாவையே மூட வேண்டிவரும். கழுத்தின் வலது ஜுகுலர் சிரை நேராக இதயத்துக்கு இறங்குவதால் உரசல் குறைவு. குழாய் தவிர்க்க முடியாதபோது அங்கேதான் போட வேண்டும். நீண்டநாள் மருந்துக்காக மேற்கை வழியே நுழைத்து மார்புவரை கொண்டுபோகும் பிக் லைனும் இதே ஆபத்தைத் தரும். சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையையோ அதற்கு மேலோ எட்டிய நோயாளிக்குச் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் பிக் லைன் போடாதீர்கள் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் கழகம் 2012இலேயே வெளிப்படையாக எழுதிவிட்டது. அங்கே சிறுநீரக நோயாளிகளுக்கான ரத்தக்குழாய் வழிகாட்டுதலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பும் சிரைகளைக் காப்பதை ஒரு தனிப் பணியாகவே வைத்துப் பேசுகிறது. பேஸ்மேக்கர் வைக்கும்போதும் ஃபிஸ்டுலாவுக்கு ஒதுக்கிய கைக்கு எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இதய மருத்துவர்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஃபிஸ்டுலா போடும் நேரமும் முக்கியம். அது பழுக்க, அதாவது சிரை விரிந்து ஊசிக்குத் தயாராக, ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். முதல் முறை சரிவராமல் மறுபடி போட வேண்டிவரலாம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு தேதி கேட்டால் அதுவரை கழுத்துக் குழாயோடு காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் ரத்தத்தில் கிருமி பரவும் அபாயத்தோடு. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் அளவு 20ஐ நெருங்கும்போதே அறுவைப் பிரிவுக்குச் சீட்டு எழுதி, நேர்ப்பரிசோதனையோடு டாப்ளர் ஸ்கேனில் சிரையின் விட்டத்தையும் அளந்துவைத்தால் இந்தக் காத்திருப்பு தேவைப்படாது.

எங்கள் வீட்டுக் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. வார்டு காப்பாற்றி அனுப்பிய சிரையை டயாலிசிஸ் பிரிவே கெடுப்பதும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தை இழுக்க ஒன்று, திருப்பி அனுப்ப ஒன்று என இரண்டு ஊசி; வாரம் இருமுறை டயாலிசிஸ் என்றால் ஆண்டுக்கு 208 ஊசி, மும்முறை என்றால் 312. அனைத்தும் ஒரே கையில், ஒரே சிரையில், 17 முதல் 15 கேஜ் தடிமனில். பழகிய இடத்தில் குத்தினால் வலி இல்லை, தவறாது என்பதால் நோயாளியும் 'அங்கேயே போடுங்க சிஸ்டர்' என்பார். ஊழியருக்கும் அது வசதி. இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் மாற்றி மாற்றிக் குத்தப்படும் அந்த இடத்தின் சுவர் மெலிந்து உப்பி முடிச்சாகும். முடிச்சுக்கு முன்னும் பின்னும் சிரை சுருங்கும். ஏணிப்படி முறைதான் சரி: ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே நகர்ந்து, உச்சிக்குப் போனதும் கீழிருந்து மறுபடி தொடங்குவது. ஒரு ஊசிக்கு 6 சென்டிமீட்டர் நீளம் கிடைத்தாலே ஆறு இடங்கள். வாரம் இருமுறைக்காரருக்கு ஒவ்வொரு இடமும் மூன்று வாரம் ஓய்வெடுக்கும். தமனிப் பக்க ஊசி இணைப்பிலிருந்து குறைந்தது 3 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இரு ஊசிகளின் நுனிகளுக்கு இடையே 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஏறும் கோணம் ஏறத்தாழ 25 பாகை. உள்ளே போனபின் ஊசியை 180 பாகை திருப்பும் பழைய பழக்கம் உள்சுவரைக் கீறும். பின்புறம் துளை உள்ள ஊசியை வாங்கினால் திருப்பத் தேவையே இல்லை.

ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில் குத்தி ஒரு பாதையை உண்டாக்கி, பிறகு மழுங்கிய ஊசி போடும் பட்டன்ஹோல் முறையை நீளம் குறைந்த ஃபிஸ்டுலாவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பாதை உருவாகும்வரை ஒரே ஆள்தான் குத்த வேண்டும். மேலே படியும் பொருக்கை முழுதாக எடுக்காமல் குத்தினால் தோலில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும். ஷிஃப்ட் தோறும் ஆள் மாறும் நம் பிரிவுகளில் இது பெரும்பாலும் கைகூடாது.

புதிய ஃபிஸ்டுலாவில் முதல் சில தடவை 17 கேஜ் போதும், பம்ப் வேகம் 200இலிருந்து 250. அவசரப்பட்டுப் 15 கேஜ் ஏற்றினால் சுவர் கிழிந்து ரத்தம் கட்டிக்கொள்ளும், கை நீலமாகும், அடுத்த இரண்டு மூன்று வாரம் அந்தப் பகுதி பயன்படாது. எடுக்கும்போது நுழைந்த கோணத்திலேயே எடுக்க வேண்டும். ஊசி முழுதாக வெளியே வந்தபின்தான் அழுத்த வேண்டும், உள்ளே இருக்கும்போதே அழுத்தினால் அதன் முனை சிரையைக் கீறிவிடும். தோலில் உள்ள துளையும் சிரையில் உள்ள துளையும் ஒரே இடத்தில் இல்லாததால் இரண்டு விரல்களை வைத்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். விரலுக்கு அடியில் அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வே நிற்கும் அளவுக்கு அழுத்தினாலோ இறுக்குப் பட்டை மாட்டி மறந்துவிட்டாலோ ஃபிஸ்டுலா உறைந்துபோகும். இருபது நிமிடமாகியும் ரத்தம் நிற்கவில்லை என்பது ஒவ்வொரு முறையும் நடந்தால் ஹெப்பரின் அளவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மேலே சுருக்கம் இருக்கிறதா என்றும் தேட வேண்டும். கையை உயர்த்தினால் நல்ல ஃபிஸ்டுலா தளர்ந்து அமுங்கும். புடைத்தபடியே நின்றால் ரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு.

ரத்த ஓட்டத்தில் இன்னொரு சிக்கல் எதிர்த்திசையில் வரும். ஃபிஸ்டுலா அதிக ரத்தத்தைத் திருப்பிக்கொண்டால் விரல்களுக்குப் போவது குறையும். கை சில்லென்று வெளிறும், டயாலிசிஸின்போது வலி கூடும், முற்றினால் விரல்நுனி புண்ணாகும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும், முழங்கை மடிப்பில் ஃபிஸ்டுலா போட்டவர்களுக்கும் இது அதிகம். மணிக்கட்டில் போட வேண்டிய ஃபிஸ்டுலாவை முழங்கைக்குத் தள்ளுவதே பல நேரங்களில் கெட்டுப்போன முன்கைச் சிரைதான் என்பதால், வார்டில் போட்ட வென்ஃப்ளானின் கணக்கு இங்கே விரல்நுனியில் வந்து நிற்கிறது.

முடிச்சின் மேல் தோல் பளபளத்து மெலிந்தாலோ ஆறாத பொருக்கு இருந்தாலோ அது வெடிக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் துண்டைச் சுற்றக்கூடாது. ரத்தத்தைத் துணி குடிக்கும், நிறுத்தாது. விரலால் அந்தத் துளையின் மேலேயே பலமாக அழுத்தி, கையை உயர்த்தி, 108ஐ அழைக்க வேண்டும். இதை ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள். ஃபிஸ்டுலா கையில் பிபி பார்க்கக்கூடாது, ஊசி போடக்கூடாது, இறுக்கமான வளையலும் கடிகாரமும் கூடாது, தினமும் காலையில் அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நின்றுவிட்டால் அன்றே வர வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்க்கலாம்.

உங்களால் ஆகக்கூடியவை இவை. இ.ஜி.எஃப்.ஆர் 60க்குக் கீழே வந்தால் பரிசோதனை அறிக்கையிலேயே 'முன்கையில் ஊசி தவிர்க்கவும்' என்று தானாக அச்சாகும்படி மென்பொருளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதிக்கும்போது, காக்க வேண்டிய கையில் நிறப்பட்டை ஒன்று கட்டுங்கள். பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலிய மாணவர்களுக்கும் வென்ஃப்ளான் போடக் கற்றுக்கொடுக்கும் முதல் நாளிலேயே எங்கே போடக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். முழங்கை மடிப்பில் பழகிய கை பிறகு மாறுவது கடினம். வார்டுக்குப் பொருள் கேட்கும் இன்டென்ட் பட்டியலில் 22, 24 கேஜ், ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம், ஒழுங்கான டூர்னிகே மூன்றும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை மட்டும் ஸ்டோரில் இருந்தால் பச்சையைத்தான் போடுவார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடிச் சென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பணியாளர்களிடம், சிறுநீரகம் பாதித்தவரின் இடது கையைக் காப்பது பற்றி இரண்டு வரி சொல்லி அனுப்பச் சுகாதாரத் துறைக்கு நீங்கள் எழுதலாம்.

இவற்றோடு மாதாந்திர அறிக்கையில் ஒரு எண் கேட்கிறோம்: அந்த மாதம் புதிதாக டயாலிசிஸ் தொடங்கியவர்களில் எத்தனை பேர் தயாரான ஃபிஸ்டுலாவோடு வந்தார்கள், எத்தனை பேர் கழுத்துக் குழாயோடு தொடங்கினார்கள். குழாயோடு வந்தவரின் பழைய கேஸ் ஷீட்டில் இ.ஜி.எஃப்.ஆர் எப்போது 30க்குக் கீழே போனது, அதன்பிறகு எந்தெந்த வார்டில் எந்தக் கையில் ஊசி போடப்பட்டது என்று பார்த்து, அந்தந்த வார்டுக்கே அந்தத் தகவலை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்கள், தொழில்நுட்பர்கள்